எட்டு அங்குல பூட்ஸ் எட்டு அங்குலத் தண்ணீரைத் தாங்குமா?

கோட்டையூர் செம்மண்:
வடக்குத்தீவு காரைக்குடியான் என்னும் அன்பர், நியூசிலாந்தில் நடந்தே மான் வேட்டையாடச் செல்பவர்கள் வாங்க வேண்டிய எடை குறைந்த, நீர் புகாத பூட்ஸைப் பற்றி நேற்று நம் செட்டிநாட்டார் குழுவில் அறிவுரை வழங்கியிருந்தார். அதில் ‘எட்டு அங்குல உயரமுள்ள பூட்ஸை வாங்கிவிட்டால் எட்டு அங்குலத் தண்ணீர் வரை கவலையின்றி இறங்கலாம்’ என்று எழுதியிருப்பதைக் கண்டேன். இராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையின் தரச்சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. பூட்ஸின் உயரம் வேறு, அது தண்ணீரைத் தடுக்கும் உயரம் வேறு. கயிற்றுக்கு அடியில் இருக்கும் நாக்குப் பட்டையின் இரு ஓரங்களையும், அப்பர் எனப்படும் பூட்ஸின் மேற்பாகத்தோடு சேர்த்துத் தைத்திருக்கும் மடிப்புத்தோல் எங்கே முடிகிறதோ, அங்கே தண்ணீர்த் தடுப்பும் முடிந்துவிடும். எட்டு அங்குலம் என்று விற்கப்படும் பல பூட்ஸ்களில் அந்த மடிப்பு மேல்விளிம்பு வரை வருவதே இல்லை. அன்பர் தம் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்து, நாக்கை முன்னே இழுத்துப் பார்த்துவிட்டு மறுமொழி எழுதட்டும்.

வடக்குத்தீவு காரைக்குடியான்:
அண்ணன் அவர்களுக்கு வணக்கம். இராணிப்பேட்டையில் பூட்ஸைச் சோதிப்பதும், நியூசிலாந்தின் கைமனாவா மலைக்காட்டில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் நடப்பதும் ஒன்றல்ல. 1905ஆம் ஆண்டில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட சிக்கா மான் ஒரு சுள்ளி முறிந்தாலே சீழ்க்கையடித்துவிட்டு மறைந்துவிடும். ஆகவே வளையாத சோல் வைத்த கனத்த மலையேற்ற பூட்ஸ் இந்த வேட்டைக்கு உதவாது. முன்பாதம் நன்றாக வளைய வேண்டும், ஜோடியின் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது, உள்ளே பஞ்சுக்காப்பு இருக்கக் கூடாது. என் பதிவின் சாரம் இவ்வளவுதான். அதையெல்லாம் விட்டுவிட்டு ஓர் அங்குலக் கணக்கைப் பிடித்துக்கொண்டீர்கள். அந்தக் கணக்கும் பிழையன்று. எட்டு அங்குல ஓடையில் நின்றிருக்கிறேன், காலுறை நனையவில்லை.

கோட்டையூர் செம்மண்:
ஓடைக்குள் அளவுகோலை நட்டுவிட்டா நின்றீர்கள்? எட்டு அங்குலம் என்பது எங்கிருந்து எங்கே? தரையிலிருந்தா, உள்ளங்காலிலிருந்தா? எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே இடத்திலிருந்து அளப்பதில்லை. முதலில் இதற்கு விடை சொல்லுங்கள்.

பள்ளத்தூர் பெட்டகம்:
பெரியவர்கள் அங்குலத்தில் மூழ்கியிருக்கும்போது இடையே நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இணையத்தில் தேடியபோது ‘400 கிராம்’, ‘800 கிராம்’ என்று குறிப்பிட்ட வேட்டை பூட்ஸ்கள் ஏராளமாகக் கிடைத்தன. அப்படியிருக்க, ஒன்றரைக் கிலோவை எடை குறைந்தது என்று காரைக்குடியான் எழுதுவது எந்த ஊர் நியாயம்? 400 கிராம் பூட்ஸ் கிடைக்கும்போது ஒன்றரைக் கிலோவைக் காலில் கட்டிக்கொண்டு மானைத் துரத்த வேண்டும் என்று ஏதேனும் நேர்த்திக்கடனா?

கோட்டையூர் செம்மண்:
பள்ளத்தூராருக்கு ஒரு விளக்கம். அந்த 400 கிராம் பூட்ஸின் எடையே அன்று. உள்ளே வைத்துத் தைக்கும் செயற்கைப் பஞ்சு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதைத்தான் அந்த எண் குறிக்கிறது. 800 கிராம் என்றால் பஞ்சு அவ்வளவு தடிமன் என்று பொருள். கடுங்குளிரில் ஓரிடத்தில் அசையாமல் காத்திருந்து சுடுபவனுக்கு அது வேண்டும். நடப்பவன் அதைப் போட்டால் அரை மணி நேரத்தில் கால் வியர்த்துவிடும். பிறகு உட்காரும்போது அந்த வியர்வையே குளிரத் தொடங்கும். நடப்பவனுக்குப் பஞ்சு வேண்டாம் என்று காரைக்குடியான் எழுதியது சரி. எட்டு அங்குலத் தண்ணீர் என்று எழுதியது தவறு. ஒன்று சரியாக இருப்பதால் மற்றதும் சரியாகிவிடாது.

பள்ளத்தூர் பெட்டகம்:
விளக்கத்துக்கு நன்றி. நான் கேட்டது எடையைப் பற்றி. தாங்கள் விடையளித்தது பஞ்சைப் பற்றி. பரவாயில்லை, தொலைநோக்கி வாங்குவது பற்றிய விவாதத்திலும் தாங்கள் இவ்வாறுதான் நடந்துகொண்டீர்கள். அதை நான் மறக்கவில்லை.

தேவகோட்டை வக்கீல்:
வேட்டைக்கு ஏற்ற பூட்ஸ் எது என்று செட்டிநாட்டார் குழுவில் இவ்வளவு உற்சாகமாக விவாதிப்பவர்கள், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டையைத் தடைசெய்யும் 9ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. பொறி வைப்பதும், பிடிப்பதும், விரட்டுவதும்கூட அச்சட்டத்தின்படி வேட்டைதான். இந்தப் பதிவைப் பார்த்துவிட்டு நம் வட்டாரத்து இளைஞன் ஒருவன் இரவில் டார்ச் விளக்கோடு முயல் பிடிக்கக் கிளம்பினால் யார் பொறுப்பு?

வடக்குத்தீவு காரைக்குடியான்:
வக்கீல் அவர்களே, நான் எழுதியது நியூசிலாந்தைப் பற்றி. வௌவால்களைத் தவிர இந்நாட்டுக்கே உரிய நிலவாழ் பாலூட்டி எதுவும் இல்லை. மான்கள் அனைத்தும் வெளியிலிருந்து வந்தவை. அவற்றைத் தின்னும் விலங்கு இல்லாததால் காட்டின் இளஞ்செடிகளை அவை அழித்துவிடுகின்றன. அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறையே பொதுநிலத்தில் வேட்டையாட இலவசமாக அனுமதிச்சீட்டு வழங்குகிறது. நான் சீட்டோடுதான் போகிறேன். சிவகங்கை மாவட்டத்தில் முயல் பிடிக்க நான் யாருக்கும் பூட்ஸ் பரிந்துரைக்கவில்லை.

தேவகோட்டை வக்கீல்:
பரிந்துரைத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. யார் பொறுப்பு என்று மட்டுமே கேட்டேன். அதற்கு இன்னும் விடை வரவில்லை.

வேட்டங்குடி நாரை:
வேட்டை என்ற சொல்லே எனக்கு ஒவ்வாது. கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் மக்களின் பக்கத்தில் வாழ்பவன் நான். ஆயினும் ஈரத்தில் நடப்பதைப் பற்றிச் சொல்ல எனக்கும் தகுதி உண்டு. நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் வந்திறங்கும் மாதங்களில் கண்மாய்க் கரையும் உள்வாயும்தான் என் இடம். அங்கே எட்டு அங்குலமும் பயன்படாது, ஆறு அங்குலமும் பயன்படாது. ஒரு குழியில் கால் வைத்தால் முழங்கால் வரை போய்விடும். நீர் புகாத பூட்ஸுக்குள் மேல்வழியாகப் புகுந்த நீர் எப்படி வெளியேறும்? குடத்தில் மொண்ட நீர்போல் அங்கேயே நிற்கும். வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்கள் அணிந்த காட்டு பூட்ஸில் நீர் வடிவதற்காகப் பக்கவாட்டில் துளைகளே வைத்திருந்தார்கள். போதாததற்கு, நீரைத் தடுக்கும், வியர்வை ஆவியை வெளியே விடும் என்று சொல்லி இந்த பூட்ஸ்களுக்குள் வைத்து விற்கப்படும் சவ்வு, உள்ளே ஆவியழுத்தம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால்தான் வேலை செய்யும். ஐப்பசிப் புழுக்கத்தில் உள்ளும் வெளியும் ஒன்றே. கான்வாஸ் ஷூ போதும். நனையட்டும், வடியட்டும், காயட்டும்.

கோட்டையூர் செம்மண்:
நாரை அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. பாதி உண்மையைப் போல் ஆபத்தானது வேறில்லை. சவ்வைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது, ஆனால் அதைத் தைப்பவனை யாரும் கேட்பதில்லை. 1969இல் பாப் கோர் என்பவர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்துப் பார்த்தபோது, நுண்துளைகள் நிறைந்த மெல்லிய பொருள் ஒன்று உருவானது. நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை அத்துளைகள், ஆவி போகும் அளவுக்குப் பெரியவை. அந்தச் சவ்வைக் காலுறை வடிவில் வெட்டி, தையல் துளைகளின் மேல் நாடா ஒட்டி, அப்பருக்கும் உள்துணிக்கும் இடையே வைப்பார்கள். தோல் அப்பர் ஒரு புறத்தோற்றமே. தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் அந்தக் காலுறைதான். முடிந்த பூட்ஸுக்குள் நீரை ஊற்றி, அதைச் சுழலும் எந்திரத்தில் மாட்டிச் சுற்றவிட்டு, வெளிப்புறத்தில் ஈரம் கசிகிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. ஒரு நூல் பிசகினாலும் அதில் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது கவனியுங்கள்: அந்த உட்காலுறை எந்த உயரம் வரை வெட்டப்பட்டிருக்கிறது? கழுத்துப் பகுதியில் பஞ்சுப்பட்டை வைத்துத் தைக்க வேண்டுமே, அந்தத் தையலுக்குக் கீழேதான் அது முடிய வேண்டும். ஆகவே மேல்விளிம்பு வரை தண்ணீரைத் தடுக்கவே முடியாது. எட்டு அங்குலம் என்பது விற்பனையாளன் சொல்லும் எண். கைமனாவா ஆனாலும் கொள்ளுக்குடிப்பட்டி ஆனாலும் தையல் தையல்தான்.

வேட்டங்குடி நாரை:
நான் கேட்டது உள்ளே புகுந்த நீர் எப்படி வெளியேறும் என்று. இவ்வளவு நீளத்தில் அதற்கு ஒரு வரி இல்லை.

கோட்டையூர் செம்மண்:
எட்டு அங்குலத்தை நம்பி இறங்காமல் இருந்தால் நீர் உள்ளே புகாது. அதுதான் விடை.

திண்ணை ஆச்சி:
தம்பிமார்களே, நியூசிலாந்தில் இருக்கும் மகளோடு நானும் மழைக்காட்டில் நடந்திருக்கிறேன் என்பதால் இதைச் சொல்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது எடை. காலில் ஏறும் ஒரு கிலோ, முதுகில் ஏறும் ஐந்து கிலோவுக்குச் சமம் என்று மலையேறுகிறவர்கள் காலங்காலமாகச் சொல்கிறார்கள். அடுத்தது குதிகால். நடக்கும்போது குதிகால் மேலெழும்பினால் எந்த பூட்ஸும் கொப்புளம் தரும். ஆகையால் மாலையில் கால் சற்று வீங்கிய நேரத்தில், போடப்போகும் அதே காலுறையோடு கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பருத்திக் காலுறை வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, தோலை உரித்துவிடும். கம்பளிக் காலுறை நனைந்தாலும் கதகதப்பைக் காக்கும். எட்டு அங்குலம் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஏன் இறங்க வேண்டும், கல் பார்த்துத் தாண்டிப் போகக் கூடாதா என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே! குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு வெறுங்காலில் நடக்கும் நம் ஊரார் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

வடக்குத்தீவு காரைக்குடியான்:
ஆச்சி சொல்வதை முழுதும் ஏற்கிறேன். எடை, குதிகால், காலுறை ஆகிய மூன்றையும் என் பதிவிலும் எழுதியிருந்தேன். படித்தவர் எவரும் இல்லை.

கோட்டையூர் செம்மண்:
படித்தேன். நான்காவதாக எட்டு அங்குலம் என்றும் எழுதியிருந்தீர்கள். பழனிப் பாதயாத்திரை வேறு, வேட்டை வேறு. தை மாதத்துச் சாலையில் யாரும் ஓடையைக் கடப்பதில்லை. ஆச்சி மீது எனக்கு மரியாதை உண்டு, ஆயினும் தாண்டிப் போகலாம் என்பது பூட்ஸைப் பற்றிய கேள்விக்கு விடையாகாது.

பள்ளத்தூர் பெட்டகம்:
சிங்கப்பூரிலிருந்து என் அம்மான் கொண்டுவந்த விலையுயர்ந்த பூட்ஸ் ஒன்றை வளவு வீட்டுப் பீரோவில் பல ஆண்டுகளாகப் பத்திரமாக வைத்திருந்தேன். சென்ற மாதம் எடுத்துப் போட்டு நடந்தபோது, வாசலைத் தாண்டுவதற்குள் சோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அணியாத பூட்ஸே இப்படி என்றால், அணிந்த பூட்ஸில் எத்தனை அங்குலத் தண்ணீர் நிற்கும் என்பதை வல்லுநர் கணக்கிட்டுச் சொல்வாராக.

கோட்டையூர் செம்மண்:
கேலியாகக் கேட்டாலும் விடை சொல்வேன். அது பாலியூரித்தேன் என்னும் நுரைப் பிளாஸ்டிக்கால் ஆன நடுச்சோல். காற்றிலுள்ள ஈரம் அதன் இரசாயனப் பிணைப்பைச் சிறிது சிறிதாக அறுத்துவிடும். போட்டாலும் போடாவிட்டாலும் அது நடக்கும். காற்றோட்டமில்லாத, ஈரமும் வெப்பமும் சேர்ந்த பீரோ அதற்கு எமன். நல்ல பொருளைப் பூட்டிவைத்துக் கெடுப்பது நம் வட்டாரத்துப் பழக்கம். அதற்கு பூட்ஸைக் குறைகூறிப் பயனில்லை. எடையைக் குறைக்க விரும்புகிறவர்கள் ஈவிஏ என்னும் இலேசான நுரையால் ஆன நடுச்சோலைப் பார்க்கலாம். இப்படி உதிராது, ஆனால் விரைவில் அமுங்கிவிடும். இதையெல்லாம் கேட்டால் சொல்வதற்கு நான் இருக்கிறேன். கேட்காமலே எட்டு அங்குலம் என்று எழுதுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பள்ளத்தூர் பெட்டகம்:
எங்கள் வீட்டுப் பீரோவைப் பற்றிப் பேச உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

வடக்குத்தீவு காரைக்குடியான்:
இதோ படம். ஓடையில் நிற்கிறேன், பக்கத்தில் அளவுகோல், தண்ணீர் ஏழே முக்கால் அங்குலம். இரண்டாவது படத்தில் காலுறை; உலர்ந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கோட்டையூர் செம்மண்:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூட்ஸின் மேல் முழங்கால் வரை கெய்ட்டர் என்னும் காப்புத்துணியைக் கட்டியிருக்கிறீர்கள்! கயிற்றுப் பகுதியையும் நாக்கையும் மூடி, நீர் உள்ளே போவதைத் தாமதப்படுத்துவது அந்தத் துணிதான். ஒரு நிமிடம் நின்று படம் எடுத்திருப்பீர்கள். பத்து நிமிடம் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். அத்துடன் ஏழே முக்கால் என்பது எட்டு ஆகாது.

வடக்குத்தீவு காரைக்குடியான்:
கெய்ட்டர் கட்டாமல் இக்காட்டில் யாரும் நடப்பதில்லை. புதரும் முள்ளும் காலைக் கிழித்துவிடும். கெய்ட்டர் நீர் புகாத பொருளும் அன்று, அதன் அடியில் திறப்பு இருக்கிறது. தண்ணீரைத் தடுத்தது பூட்ஸ்தான். கால் அங்குலத்துக்காக ஒரு மனிதர் இவ்வளவு வாதாடுவதை நான் கண்டதில்லை.

வேட்டங்குடி நாரை:
கெய்ட்டருக்குள் புகுந்த நீர் எப்படி வெளியேறும் என்று கேட்கலாமா?

தேவகோட்டை வக்கீல்:
படத்தில் பின்புறம் துப்பாக்கி தெரிகிறது. குழுவின் விதிகளில் ஆயுதப் படங்களுக்கு இடமுண்டா என்பதை நிர்வாகி தெளிவுபடுத்த வேண்டும்.

கோட்டையூர் செம்மண்:
துப்பாக்கி இருக்கட்டும், வக்கீல் ஐயா. கெய்ட்டரைக் கழற்றிவிட்டு, அதே ஓடையில், அதே அளவுகோலோடு, நாக்கின் மடிப்பு தெரியும்படி இன்னொரு படம் வரட்டும். அதுவரை என் கருத்தில் ஒரு நூலளவும் மாற்றமில்லை.

வடக்குத்தீவு காரைக்குடியான்:
இங்கே இப்போது நள்ளிரவு. ஓடைக்குப் போகும் எண்ணம் எனக்கில்லை. எட்டு அங்குலம் எட்டு அங்குலம்தான்.

கோட்டையூர் செம்மண்:
விடியட்டும், காத்திருக்கிறேன். அந்த பூட்ஸ் ஐந்தரை அங்குலத்துக்கு மேல் ஒரு சொட்டும் தாங்காது.