பிள்ளை பெற்ற பின் மெலிந்துவரும் மெல்லிய தலைமுடி: எதை முதலில் கவனிப்பது?

கேள்வி: தலவாக்கலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். என் தலைமுடி பிறவியிலேயே பட்டுநூல் போல மெல்லியது. சாயம் பூசியதோ மருந்திட்டு நேராக்கியதோ கிடையாது. அம்மா பழக்கிய விதத்திலேயே தேங்காயெண்ணெய் வைத்து ஒற்றைச் சடை பின்னி வந்திருக்கிறேன். இரண்டாவது குழந்தைக்கு இப்போது ஒன்பதாவது மாதம் நடக்கிறது. குழந்தை குப்புற விழத் தொடங்கிய நாட்களில் என் முடி கொத்துக்கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. இப்போது கொட்டுவது ஓரளவு தணிந்திருந்தாலும் பழைய அடர்த்தி திரும்பவில்லை. வகிடு எடுத்தால் தலைத்தோல் தெரிகிறது. சடையின் நுனி சுண்டுவிரல் பருமன்கூட இல்லை.

இங்குள்ள குளிரில் காலையில் முழுகினால் மாலைவரை தலை காய்வதில்லை என்பதால், ஈரத்தோடு இறுக்கிப் பின்னிக்கொண்டு பாடசாலைக்குப் போகிறேன். வெங்காயச் சாறு பூசு என்கிறார் ஒருவர், பயோட்டின் என்ற விற்றமின் மாத்திரை எடு என்கிறார் இன்னொருவர், மொட்டையடித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்கிறார் மாமியார். இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. பல காலம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் அம்மாவுக்கு, கூடைக் கயிறு பதிந்த இடத்தில் முடியே இல்லை. எனக்கும் அதுதான் வருகிறதா?

பதில்: பதுளையிலிருந்து ஓய்வுபெற்ற தாதி

தங்கச்சி, முதலில் அம்மாவின் விடயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதை நீங்கள் வீணாகச் சுமக்கிறீர்கள். பாரமான கூடையின் கயிறு உச்சந்தலையில் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காக அழுத்தி இழுத்ததால் வேர்கள் கெட்டுப்போயிருக்கின்றன. அது வேலை தந்த காயம், பரம்பரையாக இறங்குவதல்ல. ஆரம்ப நிலையில் இழுவையை நிறுத்தினால் முடி மீண்டும் முளைக்கும், ஆனால் நெடுங்காலம் சென்று தோல் தழும்பாகிவிட்டால் அந்த வேர்கள் திரும்புவதில்லை. இன்றும் மலையில் நிற்கும் பெண்கள் இதைப் படித்தால், கயிற்றின் கீழ் அகலமாக மடித்த துணியை வைத்து, கயிறு பதியும் இடத்தையும் அடிக்கடி மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஈரத்தில் இறுக்கிப் பின்னும் சடையும் அதே வகையான இழுவைதான், அளவில் மட்டுமே சிறியது.

இனி உங்கள் முடி. கர்ப்ப காலத்தில் ஹோர்மோன்கள் மிகுந்திருப்பதால் உதிர வேண்டிய முடியும் உதிராமல் நின்றுவிடுகிறது. பிரசவத்தின் பின் அவை குறையும்போது அந்த முடியெல்லாம் ஒரே காலத்தில் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதங்கள் கழித்துச் சேர்ந்து உதிர்கிறது. கடுமையான காய்ச்சல், சத்திரசிகிச்சை, பட்டினி கிடந்து உடல் மெலிதல் ஆகியவற்றின் பின்பும் இதே கால இடைவெளியில்தான் கொட்டும். அதனால்தான் பலர் உண்மையான காரணத்தை மறந்துவிட்டு, நேற்று மாற்றிய ஷாம்பூவைக் குற்றம் சொல்கிறார்கள். சாதாரணமாகவே ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிவரை உதிரும். பிரசவத்தின் பின் கொட்டுவது பெரும்பாலும் குழந்தையின் முதலாவது பிறந்தநாளை ஒட்டிச் சீராகிவிடும். ஆயினும் முடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும் என்பதால், புதிதாக முளைத்தது சடை நுனியை எட்ட ஆண்டுகள் ஆகும். நுனியின் பருமனை வைத்து மனம் தளர வேண்டாம். வகிட்டோரத்தில் குட்டை முடிகள் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பாருங்கள்.

ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். சீப்பில் சேர்ந்த முடிகளை வெள்ளைத் தாளில் பரப்பி, வெளிச்சத்தில் இரு முனைகளையும் பாருங்கள். ஒரு முனையில் வெண்மையான சிறு குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. குமிழே இல்லாமல், நீளமும் குட்டையுமாகக் கிடந்தால் அது நடுவில் முறிந்த முடி. முன்னதற்குக் காரணம் உடலுக்குள் இருக்கிறது; பின்னது நாம் கையாளும் விதத்தால் வருவது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பூச்சுக்கும் காசு செலவழிக்காதீர்கள்.

மொட்டையடிப்பதால் பலனில்லை, ஏனெனில் முடியின் பருமனைத் தீர்மானிக்கும் வேர் தோலுக்குள் இருக்கிறது, சவரக்கத்தி அதைத் தொடுவதே இல்லை. வெங்காயச் சாற்றைப் பூசிப் பார்த்த சிறிய ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது உண்மை. அது வட்டவட்டமாக முடி போகும் புழுவெட்டுக்கானது. உங்கள் நிலைக்கு அது பொருந்தாது, தோலை எரியச் செய்யவும் கூடும்.

குமிழ் உள்ளதா, நாளாந்தம் என்ன சாப்பிடுகிறீர்கள், எப்போதெல்லாம் தேத்தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில்: நானுஓயா வாசகி

எனக்கும் மெல்லிய முடிதான் என்பதால் முழுகுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். நம் பக்கத்தில் அது ஆண்டின் பெரும்பகுதி போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாகவே இருக்கும். அதைக் கரண்டிக் காம்பால் தோண்டி உச்சியில் அப்புவதால்தான் மெல்லிய முடி பிசுபிசுத்து, தலையோடு ஒட்டி, இருப்பதைவிடக் குறைவாகத் தெரிகிறது. நகக்கண் அளவு எடுத்து, உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து, அது முழுதாக உருகித் தெளிந்த பின் முடியின் நடுவிலிருந்து நுனிவரை மட்டும் தடவுங்கள். முழுகுவதற்கு முன் பூசினால் கழுவும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காயெண்ணெய் குறைக்கிறது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் அந்தக் குணம் காணப்படவில்லை. ஆகவே எண்ணெய் முடியைக் காக்கும் என்று நம் பாட்டிமார் நம்பியது வீணல்ல. ஆனால் அது புதிய முடியை முளைக்க வைக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெயை ஊறவிடாதிருப்பதே நல்லது, பொடுகோடு தொடர்புடைய பூஞ்சைக்கு அது தீனியாகிவிடும்.

பாடசாலை நாட்களில் காலையில் முழுகுவதை விட்டுவிட்டு, வெயில் விழும் விடுமுறை நாளில் முற்பகலில் முழுகுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், இளஞ்சூடு போதும். செவ்வரத்தம் இலையைக் கசக்கி எடுத்த வழுவழுப்பு மெல்லிய முடிக்கு மிகவும் இதமானது, ஆனால் இலைத்தூள் தங்காதபடி துணியில் வடிகட்ட வேண்டும். ஈரமான முடி எளிதில் இழுபட்டு அறும் என்பதால் துவாயால் முறுக்கிப் பிழியாமல், பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, பாதி காய்ந்த பிறகு அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். அடுப்பங்கரை நெருப்புக்கு மிக அருகில் உட்கார்ந்து உலர்த்துவதை நம்மவர்கள் பலரும் செய்கிறோம். அந்தச் சூட்டில் நுனி கருகி முறிகிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தாளில் பரப்பிப் பார்த்தேன், அநேகமான முடிகளில் வெள்ளைக் குமிழ் இருக்கிறது. காலையில் ரொட்டியும் சம்பலும், மதியம் சோறும் பருப்பும், இரவில் மீண்டும் ரொட்டிதான். மூன்று வேளையும் சாப்பாட்டோடு பிளேன்டீ குடிப்பது சிறுவயதிலிருந்தே பழக்கம். மீனும் இறைச்சியும் சம்பள வாரத்தில் மட்டுமே வாங்குகிறோம். குழந்தைக்குப் பால் கொடுத்து வருகிறேன். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

பதில்: பதுளை தாதி

நான் சந்தேகித்ததும் இரும்புச்சத்துக் குறைவைத்தான். மூச்சு வாங்குவதைப் பிள்ளை வளர்க்கும் களைப்பு என்று ஒதுக்கிவிடாமல், அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குப் போய், முழு இரத்தப் பரிசோதனையோடு பெரிட்டின், தைரொயிட் பரிசோதனைகளும் தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருப்பவருக்கும் சேமிப்பிலுள்ள இரும்புச்சத்து, அதாவது பெரிட்டின், குறைந்திருக்கலாம். தைரொயிட் குழப்பமும் பிரசவத்தின் பின் சிலருக்கு வருவதுண்டு.

நம் கையால் பறித்து உலகத்திற்குக் கொடுக்கும் தேயிலையே நம் பெண்களின் இரும்புச்சத்துக்குத் தடையாக நிற்பது எனக்கு எப்போதும் வேதனை தரும் விடயம். தேயிலைச் சாயத்திலுள்ள தனின் போன்ற பொருட்கள் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைக் குடலிலேயே பிடித்துவைத்துவிடுகின்றன. தேத்தண்ணீரை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் அதற்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். பருப்புக்கும் கீரைக்கும் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள், கொய்யாவோ நெல்லிக்காயோ கிடைத்தால் சோற்றோடு சாப்பிடுங்கள். விற்றமின் சி இரும்பு உடலில் சேர உதவும். நெத்தலிக் கருவாடு சிறிதளவேனும் சேரட்டும். முடி புரதத்தாலானது என்பதால் முட்டை, கடலை, பயறு எதையும் விலக்காதீர்கள். இரும்பு மாத்திரை தரப்பட்டால் அதையும் தேத்தண்ணீரோடோ பாலோடோ விழுங்கக்கூடாது.

குழந்தைக்கு ஒரு வயது கடந்த பின்னும் வகிடு அகன்றுகொண்டே போனால், அல்லது வட்டமாக முடி போதல், தலைத்தோல் செதிலாதல், வலி, சீழ், புருவம் உதிர்தல் ஆகியவற்றில் ஏதேனும் கண்டால், தோல் நோய் நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள்.

பதில்: ஹட்டன் மருந்தாளர்

இரண்டு மருந்துகளைப் பற்றி மட்டும். மினொக்சிடில் என்ற பூச்சு, வகிடு படிப்படியாக அகலும் பெண்களுக்கு உண்மையாகவே பயன் தருவது. ஆயினும் பால் கொடுக்கும் காலத்தில் நீங்களாக வாங்கிப் பூச வேண்டாம். பிற்காலத்தில் வைத்தியர் எழுதித் தந்தால், முதல் வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டுவது வழக்கமானது என்பதையும், பலன் தெரியக் குறைந்தது நான்கு மாதங்கள் ஆகும் என்பதையும், நிறுத்தினால் கிடைத்த பலன் போய்விடும் என்பதையும் அறிந்தே தொடங்குங்கள்.

பயோட்டின் குறைபாடு சாதாரணமாகச் சாப்பிடுபவர்களிடம் மிக அரிது. குறைபாடு இல்லாதவருக்கு அந்த மாத்திரை முடியைக் கூட்டும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. கூடுதல் அளவில் எடுத்தால் தைரொயிட் போன்ற இரத்தப் பரிசோதனைகளின் முடிவையே அது பிழையாகக் காட்டக்கூடும். ஏற்கெனவே எடுக்கத் தொடங்கியிருந்தால், இரத்தம் கொடுப்பதற்கு முன்பே அதை வைத்தியரிடம் சொல்லி, எத்தனை நாள் முன்னதாக நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.