வாட்ஃபோர்டில் மாற வேண்டியவர் பயிற்சியாளரா, உரிமையாளரா?

குன்னூர் இடதுகால்:

2025 அக்டோபரில் இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான வாட்ஃபோர்டு, தன் பயிற்சியாளர் பவுலோ பெட்சோலானோவை நீக்கிவிட்டது. மே மாதம் பொறுப்பேற்றவருக்குப் பத்து ஆட்டங்கள்தாம் கிடைத்தன. அவருடைய இடத்துக்கு வந்தவர் ஹாவி கிராசியா. 2019 செப்டம்பரில், நான்கு லீக் ஆட்டங்களில் வெற்றி இல்லை என்ற காரணத்துக்காக, இதே உரிமையாளர் இதே பதவியிலிருந்து வெளியே அனுப்பிய அதே கிராசியாதான். பொஸோ குடும்பம் 2012-ல் கிளப்பை வாங்கியதிலிருந்து தலைமைப் பயிற்சியாளர் பதவியில் இருபது முறைக்கு மேல் ஆள் மாறியாகிவிட்டது.

"வெற்றி தராதவரை மாற்றுவதில் என்ன தவறு?" என்று கோத்தகிரி நண்பர் இந்த இணைய மன்றத்தில் முன்பு கேட்டிருந்தார். மாற்றுவதே தவறு என்று நான் வாதிடப் போவதில்லை. அங்கே யாரை வாங்குவது, யாரை விற்பது என்பதைத் தீர்மானிப்பவர் உரிமையாளர் ஜினோ பொஸோவும் வீரர்களைத் தேடும் அவருடைய ஸ்கவுட் குழுவும். பயிற்சியாளர் வேலை, கைக்கு வந்த வீரர்களைக் களத்தில் நிறுத்துவது மட்டுமே. தேர்வு செய்தவர் இருக்கையிலேயே இருக்க, தேர்வில் பங்கில்லாதவர் ஒவ்வொரு முறையும் வெளியேறுகிறார் என்றால், கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழியையே அந்தக் கிளப் அடைத்துவிட்டது என்றுதான் நான் எண்ணுகிறேன்.

கோத்தகிரி தேயிலைக்காரர்:

நண்பரே, பொஸோவுக்கு முந்தைய வாட்ஃபோர்டை நீங்கள் வசதியாக மறந்துவிட்டீர்கள். இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக் தொடங்கிய 1992-லிருந்து 2012 வரை அந்தக் கிளப் அதில் ஆடியவை 1999-2000, 2006-07 ஆகிய இரண்டே பருவங்கள். இரண்டு முறையும் ஒரே ஆண்டில் கீழே இறங்கியது. பொஸோ வந்த பிறகு 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஐந்து பருவங்கள் ஆடியது, 2019-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிக்குப் போனது. அங்கே மான்செஸ்டர் சிட்டியிடம் 6-0 என்று தோற்றதைச் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் அதற்கு முன்பு அந்தக் கிளப் அந்த இறுதிப் போட்டியைப் பார்த்தது 1984-ல்.

பயிற்சியாளர் மாற்றம் நாசம் விளைவிக்கும் என்பவர்கள் 2014-15 பருவத்தைப் பாருங்கள். பெப்பே சன்னினோ, ஆஸ்கார் கார்சியா, பில்லி மெக்கின்லி, ஸ்லாவிஷா யோகானோவிச் என்று ஒரே பருவத்தில் நான்கு பேர். அதே பருவத்தில், பிரீமியர் லீக்குக்கு அடுத்த தட்டான சாம்பியன்ஷிப்பில் இரண்டாமிடம் பெற்றுத் தரமுயர்வு. 2020 டிசம்பரில் விளாடிமிர் இவிச்சை அனுப்பிவிட்டு சிஸ்கோ முன்யோஸைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பருவத்திலும் தரமுயர்வு. லண்டன் கிளப் செல்சியை எடுத்துக்கொண்டால், 2012 மார்ச்சில் வில்லாஸ்-போவாஸ் போய் டி மாத்தேயோ வந்தார். மே மாதம் சாம்பியன்ஸ் லீக் கோப்பை வந்தது. 2021 ஜனவரியில் லாம்பார்டு போய் டுகெல் வந்தார். மறுபடியும் மே மாதத்தில் அதே கோப்பை. அதன் அன்றைய உரிமையாளர் அப்ரமோவிச்சுக்குப் பொறுமை கிடையாது, கோப்பைகள் இருந்தன.

வெலிங்டன் பழையவர்:

இருவரும் சற்றுப் பொறுங்கள். வாட்ஃபோர்டு என்ற பெயரை எங்கள் தலைமுறை அறிந்தது பொஸோவால் அன்று, கிரஹாம் டெய்லரால். பாடகர் எல்டன் ஜான் தலைவராக இருந்து 1977-ல் டெய்லரை அழைத்தபோது கிளப் நான்காம் டிவிஷனில் கிடந்தது. அடுத்த ஆண்டே அதன் சாம்பியன். 1982-ல் அன்றைய உச்ச லீக்கான முதல் டிவிஷன். 1983-ல் லிவர்பூலுக்கு அடுத்த இடம். டெய்லர் 1987 வரை இருந்தார். பத்து ஆண்டுகளில் ஒரே மனிதர், ஒரே ஆட்டமுறை.

தேயிலைக்காரத் தம்பிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: கவாத்து வெட்டிய செடி மூன்று நான்கு மாதம் பறிக்க இலை தராது, அதன் பலன் அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் தெரியும். ஒவ்வொரு புதிய பயிற்சியாளரும் வந்து செய்வது கவாத்துதான். வெட்டிய மறுவாரம் இலை எங்கே என்று கேட்டு ஆளை அனுப்பிவிட்டு, அடுத்து வருபவரிடமும் கத்தியைக் கொடுத்தால் தோட்டத்தில் குச்சிதான் மிஞ்சும்.

கோத்தகிரி தேயிலைக்காரர்:

ஐயா, கவாத்து பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் உரிய காலத்தில் கவாத்து செய்யாமல் விட்ட தோட்டத்தையும் நான் பார்த்திருக்கிறேன். செடி ஆளுயரம் வளர்ந்து, முற்றிய இலையைத் தவிர வேறு எதுவும் கைக்கு வராது. அதுவும் ஒரு நோய்தான். மேலும், டெய்லரின் காலத்தில் ஒரு தரமிறக்கம் கிளப்பின் வருமானத்தைப் பாதிக்கு மேல் தின்றுவிடாது. இன்றைக்கு ஒரு புள்ளி வித்தியாசத்தில் தொலைக்காட்சிப் பணத்தில் பெரும்பகுதி போய்விடும் என்னும்போது, எந்த உரிமையாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்?

கூடலூர் நடுக்களம்:

இருபுறமும் உதாரணங்களை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தால் இந்த விவாத இழை முடியாது. டச்சுப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் 1986 முதல் 2004 வரையிலான நெதர்லாந்து லீக்கை ஆராய்ந்தார். தொடர் தோல்வியால் பயிற்சியாளரை நீக்கிய கிளப்களை, அதே அளவு சரிந்தும் நீக்காமல் வைத்துக்கொண்ட கிளப்களோடு அவர் ஒப்பிட்டார். நீக்கியவர்கள் மீண்டார்கள், நீக்காதவர்களும் ஏறக்குறைய அதே போல மீண்டார்கள். அதாவது ஒரு கிளப் தன் வழக்கமான தரத்துக்குக் கீழே சரிந்திருக்கும்போதுதான் ஆள் மாற்றப்படுகிறார். அதற்குப் பிறகு தானாக வரும் மீட்சியைப் புதியவர் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார். கோத்தகிரியாரின் 2012, 2021 கோப்பைகளை இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்க்க வேண்டும்.

குன்னூர் நண்பருக்கும் ஒன்று. உரிமையாளர் ஒற்றை ஆளாக இருப்பதால்தான் இந்தக் கோளாறு என்றால், ஹாம்பர்க் கதையை எங்கே வைப்பீர்கள்? ஜெர்மனியில் கிளப் உறுப்பினர்கள் கையில்தான் பெரும்பான்மை வாக்குரிமை இருக்க வேண்டும் என்ற '50+1' விதி உண்டு. அந்த விதியின் கீழ் இருந்த ஹாம்பர்க்கும் பயிற்சியாளர்களை மாற்றிக்கொண்டே போய், 1963-ல் ஜெர்மனியின் உச்ச லீக்கான புண்டெஸ்லிகா தொடங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட இறங்காதிருந்த பெருமையை 2018-ல் இழந்தது. உரிமை பலர் கையில் இருந்தாலும் பொறுமை வந்துவிடாது.

நமக்குப் பக்கத்திலேயே நேர்மாறான உதாரணம் இருக்கிறது. கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் ஆடிய சென்னை சிட்டி 2018-19-ல் இந்தியாவின் ஐ-லீக்கை வென்றபோது, இங்கிருந்து மலையிறங்கிப் போய்ப் பார்த்தவர்கள் இந்த இழையிலேயே இருப்பீர்கள். பயிற்சியாளர் அக்பர் நவாஸை யாரும் விரட்டவில்லை. சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கையும் வாங்கியது. இருந்தும் 2021-க்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் இல்லை. நிலையான பயிற்சியாளர் இருந்துவிட்டால் கிளப் நிலைத்துவிடும் என்று யாரும் எழுத வேண்டாம்.

குன்னூர் இடதுகால்:

கூடலூர்ச் சகோதரி சொன்ன ஆய்வு என் வாதத்துக்கு எதிரானது அன்று. ஆளை மாற்றுவதால் பெரிய பயன் இல்லை என்றால், மாற்றுவதையே தன் முதன்மைக் கருவியாக வைத்திருக்கும் உரிமையாளரைப் பற்றி அது என்ன சொல்கிறது?

கோத்தகிரியார் பணத்தைப் பற்றிப் பேசினார், பணத்திலிருந்தே தொடங்குகிறேன். பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கும் கிளப்புக்கு, வருமான இழப்பைத் தாங்குவதற்கான 'பாராசூட்' தொகை பொதுவாக மூன்று ஆண்டுகள் வரும். ஏறிய முதல் ஆண்டிலேயே இறங்கினால் இரண்டே ஆண்டுகள். வாட்ஃபோர்டு 2021-ல் ஏறி 2022-ல் இறங்கியது. அந்தப் பருவத்தில் சிஸ்கோ முன்யோஸ் நீக்கப்பட்டபோது ஏழு ஆட்டங்களில் ஏழு புள்ளிகள். அணி பதினான்காம் இடத்தில், தரமிறக்க எல்லைக்கு மேலே இருந்தது. அவருக்குப் பின் ரனியேரி வந்து ஜனவரியில் போனார். ராய் ஹாட்ஜ்சன் வந்து மே மாதம் போனார். முடிவில் பத்தொன்பதாம் இடம், 23 புள்ளிகள். மூன்றாம் ஆண்டின் பாராசூட் பணத்தை இழந்தது அந்தப் பருவத்தில்தான். அதற்குப் பிறகு சாம்பியன்ஷிப்பில் பதினொன்று, பதினைந்து, பதினான்கு என்று கிடப்பதற்குப் பணமில்லாததுதான் காரணம் என்று நீங்கள் சொன்னால், அந்தப் பணம் ஏன் இல்லாமல் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ராப் எட்வர்ட்ஸ் விவகாரம் இதைவிட மோசம். 2022 கோடையில் அவரை நியமித்தபோது, என்ன நேர்ந்தாலும் இவர் பின்னால் நிற்போம் என்று நிர்வாகமே வெளிப்படையாக அறிவித்தது. செப்டம்பரில், பத்து லீக் ஆட்டங்களுக்குப் பிறகு, அவர் இல்லை. அவரை எடுத்துக்கொண்டது யார் தெரியுமா? வாட்ஃபோர்டின் பரம எதிரியான லூட்டன். அதே பருவத்தின் முடிவில் லூட்டனை அவர் பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டார். அடுத்து வலேரியன் இஸ்மாயேல்: 2023 அக்டோபரில் புதிய ஒப்பந்தம், 2024 மார்ச்சில் நீக்கம். ஒப்பந்தம் கொடுத்த கையும் நீக்கிய கையும் ஒன்றுதானே?

கூடவே ஒன்று: இதே பொஸோ குடும்பம் இத்தாலியில் உடினேஸேயை 1986 முதல் வைத்திருக்கிறது. அங்கே பிரான்செஸ்கோ குய்டோலின் 2010 முதல் 2014 வரை நான்கு ஆண்டுகள் இருந்தார். அலெக்சிஸ் சான்செஸை பார்சிலோனாவுக்கு விற்ற பிறகும் அணி மூன்றாமிடம் வந்தது. வீரர்களை விற்றாலும் பயிற்சியாளரை வைத்துக்கொண்டால் தங்கள் முறை எப்படி வேலை செய்யும் என்பது அந்தக் குடும்பத்துக்கே தெரியும். தெரிந்தும் இங்கிலாந்தில் செய்யாததை நான் எப்படி மன்னிப்பேன்?

வெலிங்டன் பழையவர்:

எனக்கு வாட்ஃபோர்டு பயிற்சியாளராக இருந்த நைஜல் பியர்சன்தான் மனதை விட்டு அகலவில்லை. 2020 பிப்ரவரி 29. நம் நேரத்துக்கு இரவு 11 மணி ஆட்டம். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒலியைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். எதிரணி லிவர்பூல், லீக்கில் 44 ஆட்டங்களாகத் தோற்காத அணி. இடைவேளைக்குப் பிறகு வாட்ஃபோர்டின் இஸ்மைலா சார் ஒன்று போட்டார். சில நிமிடங்களில் லிவர்பூல் டிஃபென்ஸின் பின்னால் தனியாக ஓடி, கோல்கீப்பர் முன்னே வர வர, அவருக்கு மேலே மெல்லத் தூக்கி இரண்டாவதைப் போட்டார். நான் கோல்கீப்பராக நின்றவன். அந்தப் பந்து தலைக்கு மேலே போகும்போது திரும்பிப் பார்ப்பதைத் தவிர செய்வதற்கு எதுவும் இருக்காது. மூன்றாவது ட்ராய் டீனி. 3-0.

டிசம்பரில் பட்டியலின் கடைசியில் கிடந்த அணியை எடுத்து, தரமிறக்க எல்லைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தியவர் அந்தப் பியர்சன். ஜூலையில், இரண்டே ஆட்டங்கள் மீதமிருக்கையில் அவரை நீக்கினார்கள். அந்த இரண்டிலும் தோல்வி. ஒரே ஒரு புள்ளியில் தரமிறக்கம். கூடலூர்ப் பெண் சொன்ன ஆய்வு எனக்கு மறுப்பில்லாதது. ஆனால் இரண்டு ஆட்டங்களுக்கு முன் ஆளை நீக்குவதற்கு எந்த ஆய்வு ஆதரவாக நிற்கும்?

கோத்தகிரி தேயிலைக்காரர்:

பியர்சன் விஷயத்தில் நான் உரிமையாளருக்காக வாதாடப் போவதில்லை ஐயா; எட்வர்ட்ஸ் விஷயத்திலும் அப்படியே. ஆனால் இந்த இழையின் தலைப்பிலேயே உரிமையாளர் மாற வேண்டும் என்ற ஆசை ஒளிந்திருக்கிறது. யாருக்கு விற்பார்? பொஸோவுக்கு முன்பு வாட்ஃபோர்டை வைத்திருந்த லாரன்ஸ் பாஸினி மீது, கிளப்பின் பண விவகாரங்களுக்காக ஃபுட்பால் லீக் 2013-ல் மூன்று ஆண்டுத் தடை விதித்தது. இன்னொரு இங்கிலாந்து கிளப்பான பரியை ஸ்டீவ் டேல் 2018 டிசம்பரில் ஒரு பவுண்டுக்கு வாங்கினார். 2019 ஆகஸ்டில் அந்தக் கிளப் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. நூற்றாண்டுக்கு மேல் ஆடிய கிளப் அது. பயிற்சியாளரை அடிக்கடி மாற்றுபவர் வாராவாரம் நம்மை எரிச்சலூட்டுவார், உண்மைதான்; ஆனால் 2012-லிருந்து மைதானத்தின் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். புதியவர் அதையாவது செய்வார் என்று எனக்கு எழுதித் தருவீர்களா?

கூடலூர் நடுக்களம்:

எழுதித் தருவதற்குத்தான் அங்கே இப்போது சட்டமே வந்திருக்கிறது. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, உரிமையாளரின் தகுதியையும் பணத்தின் மூலத்தையும் விசாரிக்கத் தனி ஒழுங்குமுறை அமைப்பு அமைகிறது. ரசிகர்களைக் கலந்தாலோசிக்கும் கடமையும் கிளப்களுக்கு வருகிறது. பரி போன்ற கதை மறுபடி நடக்காமல் இருக்கலாம். ஆனால் ஒரு பயிற்சியாளரை எத்தனை ஆட்டத்தில் நீக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லாது, சொல்லவும் கூடாது. அந்தப் பகுதி உரிமையாளரின் தலைக்குள்தான் மாற வேண்டும்.

குன்னூர் இடதுகால்:

விற்கச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை; தலைப்பைக் கேள்வியாகத்தான் வைத்தேன். நான் கேட்பது சிறியது. வீரர்களை வாங்கும் முடிவில் பயிற்சியாளருக்கும் ஒரு வாக்கு இருக்கட்டும். வாங்கிய வீரர் தேறவில்லை என்றால் அதற்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் ஒரு மனிதர் ரசிகர்கள் முன் வந்து நிற்கட்டும். 2025-ல் கிராசியா திரும்பி வந்தார்; 2018-19-ல் அவர் அணியைப் பதினொன்றாம் இடத்தில் நிறுத்தியவர், ஊரையும் உரிமையாளரையும் அறிந்தவர். வீரர் சந்தை மறுபடியும் திறக்கும். பயிற்சியாளர் கேட்ட வீரர் ஒருவராவது வருகிறாரா, அல்லது உடினேஸேக்கு வேண்டாதவர்கள்தாம் மறுபடியும் விமானம் ஏறி வருகிறார்களா என்பதை அப்போது இதே இழையில் பார்ப்போம். கோத்தகிரியார் அதுவரை இழையைப் பூட்டச் சொல்லி விண்ணப்பம் போடாமல் இருந்தால் போதும்.