ஹோம் தியேட்டர் அறைக்கு ரிமோட் டிம்மர்: ஆர்எஃப் போதுமா, ஸ்மார்ட் வேண்டுமா?

வேளச்சேரி மாடி

வணக்கம். வேளச்சேரி ஃபிளாட்டில் ஒரு படுக்கையறையைப் படம் பார்க்கும் அறையாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். அறை 14க்கு 11 அடி. புரொஜெக்டரும் 100 அங்குலத் திரையும் வந்துவிட்டன. அடுத்த வாரம் ஃபால்ஸ் சீலிங் வேலை ஆரம்பம், அதற்குள் ஒயரிங்கை முடிவு செய்தாக வேண்டும். நான்கு பக்கமும் சீலிங் ஓரத்தில் மறைத்து வைக்கிற கோவ் லைட், சீலிங்கில் பதிக்கிற ஆறு டவுன்லைட், பின்சுவரில் இரண்டு சுவர் விளக்கு. சோபாவை விட்டு எழுந்திருக்காமல் ரிமோட்டிலேயே குறைக்க, ஏற்ற வேண்டும். எங்கள் எலக்ட்ரீஷியன் சுவரில் ஆர்எஃப், அதாவது ரேடியோ அலை ரிமோட்டில் வெளிச்சத்தைக் குறைத்து ஏற்றுகிற டிம்மர் போட்டுவிடலாம் என்கிறார். ஆபீஸ் நண்பர் எல்லாவற்றையும் வைஃபை பல்பாகப் போடச் சொல்கிறார். எது சரி?

ஓஎம்ஆர் குறியீடு

இரண்டும் வேண்டாம். ஜிக்பீ போடுங்கள், அது வீட்டுக்குள்ளேயே விளக்குகளைக் கம்பியில்லாமல் இணைக்கிற ஸ்மார்ட் முறை. விளக்குகளுக்குக் கட்டளை அனுப்ப ஹப் என்ற ஒரு பெட்டி வைத்தால் போதும். "படம்" என்ற பட்டனைத் தொட்டால் டவுன்லைட் அணையும், கோவ் லைட் 5 சதவீதத்துக்கு இறங்கும். "இடைவேளை" என்றால் கால் வைக்கும் இடம் தெரிகிற அளவுக்கு ஏறும். பிளேயரோடு இணைத்துவிட்டால், படத்தை நிறுத்தினாலே விளக்கு தானாக ஏறும். எங்கள் வீட்டில் நான்கு விநாடியில் மெதுவாக இறங்கும்படி வைத்திருக்கிறேன். விளக்கு இறங்க ஆரம்பித்ததும் என் மகள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்ப்பாள். தியேட்டருக்குள் உட்கார்ந்திருக்கிற உணர்வு அந்த நான்கு விநாடியில்தான் வருகிறது.

குரோம்பேட்டை ஒயர்மேன்

தம்பி, ரிமோட் பேச்சு அப்புறம். முதலில் விளக்கு. நீங்கள் வாங்கியிருக்கிற டவுன்லைட் பெட்டியில் டிம்மபிள் என்று போட்டிருக்கிறதா, பாருங்கள். போடவில்லை என்றால் எந்த சிஸ்டம் வாங்கினாலும் பணம் வீண்.

காரணம் சொல்கிறேன். வீட்டுச் சுவரில் பொருத்துகிற எலக்ட்ரானிக் டிம்மரை அமெரிக்காவில் ஜோயல் ஸ்பைரா 1959இல் உருவாக்கினார். அது குண்டு பல்புக்காகப் பிறந்த சரக்கு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 100 அரை அலை. டிம்மர் ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு துண்டை வெட்டி எடுக்கிறது. குண்டு பல்பின் இழை சூடாகவே இருப்பதால் வெட்டு கண்ணுக்குத் தெரியாது. எல்இடிக்குள் அதற்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தருகிற டிரைவர் என்ற சர்க்யூட் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு முழு அலை வேண்டும். வெட்டிக் கொடுத்தால் திணறும். அலையின் முன்பக்கத்தை வெட்டுகிற பழைய வகையில் இந்தத் தொல்லை அதிகம். பின்பக்கத்தை வெட்டுகிற டிரெய்லிங் எட்ஜ் வகை எல்இடிக்குப் பரவாயில்லை.

போன வருஷம் ஆதம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஏழு வாட் டவுன்லைட் ஆறு, மொத்தமே 42 வாட். மாட்டியிருந்த டிம்மருக்குக் குறைந்தபட்சம் 60 வாட் லோடு வேண்டும். பாதிக்குக் கீழே இறக்கினால் ஒன்று விட்டு ஒன்று துடித்தது. போர்டில் காதை வைத்தால் தேன்கூடு மாதிரி இரைச்சல். படத்தில் அமைதியான காட்சி வரும்போதெல்லாம் அந்த இரைச்சல்தான் கேட்கிறது என்று அந்த வீட்டம்மா வருத்தப்பட்டார். டிம்மர், டவுன்லைட் இரண்டையுமே மாற்ற வேண்டியதாயிற்று.

இன்னொன்று. உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ், அதாவது கட்டம் கட்டமான அலை தருகிற வகை என்றால், கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறுகிற நேரத்தில் இந்த மாதிரி டிம்மர் குழம்பிப்போகும்.

வேளச்சேரி மாடி

அண்ணே, பெட்டியைப் பார்த்தேன். டிம்மபிள் என்று எங்கும் இல்லை. இன்னும் பிரிக்கவில்லை, கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

மயிலை வாசகி

நல்ல நேரத்தில் பார்த்தீர்கள். மாற்றும்போது 24 வோல்ட் டிசி டவுன்லைட்டாகக் கேளுங்கள். கோவ் லைட்டும் 24 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப். இரண்டையும் ஆர்எஃப் ரிமோட் கன்ட்ரோலரில் கொடுங்கள். நான் மூன்று வருஷம் போனில் ஆப் வைத்து விளக்கைக் கட்டுப்படுத்தி, மனசு வெறுத்து, இதற்கு மாறினேன்.

எங்கள் தெருவில் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். திரும்பி வரும்போது எல்லா பல்பும் முழு வெளிச்சத்தில் எரியும். ஒருநாள் நடுராத்திரி கரண்ட் போய் வந்து, அந்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த மாமனார் பதறி எழுந்தார். அவருக்கு 78 வயது. போனை எடுத்து, பூட்டைத் திறந்து, ஆப்பைத் தேடி, அறையைத் தேர்ந்தெடுத்து விளக்கை அணைக்க அவரால் முடியாது. படம் பார்க்கும்போதும் இதே கதைதான். இருட்டில் யாராவது போனை எடுத்தால் அந்த வெளிச்சமே கண்ணில் அடிக்கிறது.

இப்போது இருக்கிற ரிமோட்டில் நான்கு பட்டன். மேல் பட்டனில் சின்னப் புடைப்பு இருக்கிறது, கட்டை விரலாலேயே மாமனார் கண்டுபிடித்துவிடுகிறார். ஆர்எஃப் என்பதால் எதிரே நீட்டவும் வேண்டாம், போர்வைக்குள் இருந்தே அழுத்தலாம். டிவி ரிமோட் மாதிரி எதிரே நீட்ட வேண்டிய ஐஆர் ரிமோட் மட்டும் வாங்கிவிடாதீர்கள். ரிசீவர் ஃபால்ஸ் சீலிங்குக்குள் போய்விட்டால் அதற்குக் கண் தெரியாது.

ஓஎம்ஆர் குறியீடு

மேடம், உங்களுக்கு நடந்தது கொடுமைதான், ஆனால் அது நீங்கள் வைத்திருந்த பல்பின் குறை. பல வைஃபை பல்பு இணைய சர்வரை நம்பி ஓடும். ஜிக்பீயில் கட்டளை வீட்டுக்குள்ளேயே ஹப்புக்கும் விளக்குக்கும் இடையில் போகிறது. நல்ல ஹப்பாக இருந்தால் இணையம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். கரண்ட் வந்ததும் விளக்கு எரிய வேண்டுமா, பழைய நிலைக்குப் போக வேண்டுமா, அணைந்தே இருக்க வேண்டுமா என்று பல சாதனங்களில் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். பட்டன் வைத்த ஜிக்பீ ரிமோட்டும் இருக்கிறது.

ஆர்எஃப் ரிமோட்டில் உள்ள பெரிய குறையை நீங்கள் சொல்லவில்லை. அது ஒருவழிப் பாதை. கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று ரிமோட்டுக்குத் தெரியாது. இரண்டு ரிசீவரில் ஒன்று கேட்காமல் விட்டால், அடுத்த முறை அழுத்தும்போது ஒன்று எரியும், ஒன்று அணையும்.

மயிலை வாசகி

அது எங்களுக்கும் நடந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆன், ஆஃப் இரண்டுக்கும் தனித்தனிப் பட்டன் உள்ள ரிமோட்டாக மாற்றினோம். ஒன்று கேட்காவிட்டால் அதே பட்டனை மறுபடி அழுத்தினால் போதும். அதன்பின் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் இந்த அறைக்கு அதைவிட முக்கியமானது, விளக்கு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது. 10 சதவீதம் வரை குறையும் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வெளிச்சம் அளக்கிற மீட்டரில் 10 சதவீதம் என்றால் நம் கண்ணுக்கு அது கிட்டத்தட்ட 32 சதவீதமாகத் தெரியும். புரொஜெக்டர் படத்தில் ராத்திரிக் காட்சி அந்த வெளிச்சத்தில் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடும். மீட்டரில் 1 சதவீதத்துக்கு இறங்கினால்தான் கண்ணுக்கு 10 சதவீதம். சாப்பாட்டு அறைக்கு 10 போதும், இந்த அறைக்குப் போதாது.

அப்புறம், திரைப் பக்கத்துக் கோவ் லைட்டைத் தனி சோனாக, அதாவது தனியாகக் குறைக்க ஏற்ற முடிகிற பகுதியாகப் பிரியுங்கள். எங்கள் வீட்டில் முதலில் நான்கு பக்கமும் ஒரே இணைப்பு. எவ்வளவு குறைத்தாலும் திரையின் மேல்விளிம்பில் ஒரு வெளிறிய பட்டை விழுந்துகொண்டே இருந்தது. இப்போது முன்பக்கம் முழுக்க அணைந்துவிடும், பின்பக்கம் மட்டும் ஒரு மினுக்கு.

குரோம்பேட்டை ஒயர்மேன்

அம்மா சொல்கிற சோன் கணக்கு ரொம்பச் சரி. 12 வோல்ட் வேண்டாம், 24 என்று அவர் சொன்னதற்கும் கணக்கு இருக்கிறது. அறையைச் சுற்றி சுமார் 15 மீட்டர் ஸ்ட்ரிப். மீட்டருக்கு 10 வாட் வைத்தால் 150 வாட். 12 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர், 24இல் அதில் பாதி, 6.25. கரண்ட் பாதியானால் ஒயரில் இழப்பும் குறையும், ஸ்ட்ரிப்பின் கடைசி முனை மங்காது. அப்போதும் 15 மீட்டரையும் ஒரே முனையிலிருந்து ஓட்டாதீர்கள். ஐந்து ஐந்து மீட்டராகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர். ஸ்ட்ரிப்புக்கு 24 வோல்ட் தருகிற டிரைவர் 200 வாட், அதை முழு லோடில் வேக விடக்கூடாது.

இந்த 24 வோல்ட் கன்ட்ரோலர் டிம்மிங்கில் விளக்கை ஒரு விநாடிக்குள் பலமுறை அணைத்து அணைத்து ஏற்றுகிறார்கள். மலிவான கன்ட்ரோலரில் அந்த வேகம் குறைவு, கண் உறுத்தும். கடையிலேயே சோதிக்கலாம். விளக்கை நன்றாகக் குறைத்து, அதன் முன்னால் ஒரு ஊதுவத்திக் குச்சியை வேகமாக ஆட்டுங்கள். குச்சி பல துண்டாக, தனித்தனியாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். ஒரே மங்கலான விசிறி மாதிரி தெரிந்தால் சரி. எலக்ட்ரானிக் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவில் கேட்டால் ஓட்டிக் காட்டுவார்கள். காட்டாத கடையை விட்டுவிடுங்கள்.

ஓஎம்ஆர் குறியீடு

கீழ்முனையில் படிப்படியாகக் குதிக்கிறதா என்றும் பாருங்கள். வெளிச்சத்தை 256 படியாக மட்டும் பிரிக்கிற கன்ட்ரோலரில் முதல் படியே 0.4 சதவீதம், கண்ணுக்கு அது 6 சதவீதம். அணையும்போது மெதுவாக மறையாமல் சட்டென்று விழும்.

அண்ணே, மேடம், 24 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கு நான் எதிரி இல்லை. அதே டிரைவர், அதே ஒயர், நடுவில் ஆர்எஃப் பெட்டிக்குப் பதில் ஜிக்பீ பெட்டி. அவ்வளவுதான் நான் கேட்பது. படம் நின்றால் விளக்கு ஏறுவதை ஒருமுறை அனுபவித்தவர்கள் திரும்பிப் போக மாட்டார்கள்.

மயிலை வாசகி

எங்கள் வீட்டில் படம் நிற்பது மாமனார் பாத்ரூம் போக மட்டும் இல்லை. போன் வரும், குக்கர் விசில் அடிக்கும், ஒரு வசனத்தைத் திரும்பக் கேட்க நிறுத்துவோம். ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் ஏறி இறங்கினால் இருட்டுக்குப் பழகிய கண் மறுபடி பழக வேண்டும். எனக்கு அது வேண்டாம். விளக்கு நான் சொன்னால் ஏறட்டும்.

வேளச்சேரி மாடி

அனைவருக்கும் நன்றி. முடிவு இது. டவுன்லைட்டை 24 வோல்ட்டாக மாற்றுகிறேன். கிடைக்காவிட்டால் டவுன்லைட்டை டிம் செய்யாமல் சாதாரண சுவிட்சில் விட்டுவிடுவேன். கோவ் லைட் முன்பக்கம் ஒரு சோன், மற்ற மூன்று பக்கமும் ஒரு சோன். சுவர் விளக்கும் சாதாரண சுவிட்ச். முதலில் ஆர்எஃப், என் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். ஒரு வருஷம் கழித்து ஆசை வந்தால் பெட்டியை மட்டும் ஜிக்பீக்கு மாற்றிக்கொள்கிறேன். ஞாயிறன்று ரிச்சி தெருவுக்கு ஊதுவத்திக் குச்சியோடு போகிறேன்.

குரோம்பேட்டை ஒயர்மேன்

பெட்டியை மாற்ற வேண்டுமானால் பெட்டிக்குக் கை போக வேண்டும் தம்பி. டிரைவரையும் கன்ட்ரோலரையும் சீலிங்குக்குள் போட்டு மூடிவிட்டால் அப்புறம் ஜிப்சம் பலகையை வெட்டித்தான் எடுக்கணும். கதவுப் பக்கத்து மூலையில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடியில் திறந்து மூடுகிற டிராப் டோர் வைக்கச் சொல்லுங்கள், அளவை இன்றைக்கே சீலிங் ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.