பழைய விசிஆர், புது டிவி: மாட்டிப் பார்த்தவங்க அனுபவம் சொல்லுங்க

செந்தூல்ல அம்மா வீட்டு விசிஆர் இன்னும் நல்லா ஓடுது, தாத்தா பேசுறது அந்த கல்யாண தேப்புல மட்டும்தான் இருக்கு, அதனால தூக்கிப் போட மனசே வரல. புது டிவி பின்னாடி பார்த்தா எச்டிஎம்ஐ மட்டும்தான், ஏவின்னு சொல்ற மஞ்சள் வெள்ளை சிவப்பு ஓட்டை மூணும் இல்ல. கேஎல்ல லோ யாட் கடைத்தொகுதில போய் கன்வெர்ட்டர் வாங்குனேன். ஏவி டூ எச்டிஎம்ஐ, எச்டிஎம்ஐ டூ ஏவின்னு ரெண்டு இருக்கு, டப்பா பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், நமக்கு வேண்டியது முதல் வகை, படிச்சுப் பார்த்துட்டு காசு குடுங்க. அதுக்கு கரண்டும் வேணும், டிவி யூஎஸ்பிலயே சொருகிட்டேன். படம் வந்துச்சு, ஆனா எல்லாரும் குண்டா தெரிஞ்சாங்க, தேப்புல படத்தோட அகல-உயர அளவு 4:3, டிவி 16:9 இல்லையா, மெனுல பிக்சர் சைஸ 4:3க்கு மாத்துனதும் சரியாச்சு. அம்மா அன்னிக்கி சாப்பிடக்கூட எழுந்திரிக்கல.

---

அக்கா, நான் பட்டர்வொர்த். கன்வெர்ட்டர் வாங்குறதுக்கு முன்னாடி டிவி பின்பக்கம் டார்ச் அடிச்சு நல்லா பாருங்க. எங்க டிவில ஏவின்னு போட்டு ஹெட்போன் குத்துற சைஸ்ல ஒரு சின்ன ஓட்டை இருந்துச்சு, அதுக்கு மூணு கலர் வயர் தனியா விக்கிறாங்க. மாட்டுனா சத்தம் வருது, படம் இல்ல. மஞ்சளைக் கழட்டி சிவப்புல குத்துனேன், பளிச்சுன்னு படம்! அந்த வயர் உள்ளுக்குள்ள எல்லா கம்பெனிக்கும் ஒரே மாதிரி இருக்காதாம், அதனால டிவிக்கு ஏத்த வயர் கேட்டு வாங்குறதுதான் நல்லது. சில டிவில மஞ்சளுக்குன்னு தனி ஓட்டையே இருக்காது, பச்சைலதான் குத்தணும்.

---

மேல ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனா தேப்ப உள்ள தள்றதுக்கு முன்னாடி தேப்பு மேல இருக்கற அந்த கண்ணாடி ஜன்னல் வழியா பாருங்க ப்ளீஸ். நம்ம ஊரு ஈரத்துக்கு வெள்ளையா பூஞ்சை பிடிச்சிருக்கும், அத அப்படியே போட்டா விசிஆர் உள்ள தேப்ப படிக்கிற ஹெட் அழுக்காயிடும், அடுத்து போடுற நல்ல தேப்புலயும் ஒட்டிக்கும். கடைசியா செஞ்சிட்டிருந்த ஃபுனாய் கம்பெனியும் 2016லயே விசிஆர் செய்யறத நிறுத்திட்டாங்க, அதனால ஓடுற மிஷின் கையில இருக்கும்போதே கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருங்க. விசிஆர கம்ப்யூட்டரோட இணைக்கிற யூஎஸ்பி கேப்சர்ல ஏத்துறப்போ பால் (PAL) வீடியோ முறை செட்டிங் வைங்க, மலேசியாவுல எடுத்த தேப்பு எல்லாம் பால்தான், செகண்டுக்கு 25 ஃபிரேம். அமெரிக்காவிலேர்ந்து சொந்தக்காரங்க அனுப்புன தேப்புன்னா அந்த ஊரு முறையான என்டிஎஸ்சி (NTSC).