300 பேக்லிங்க், 6,000 ரூபாய்: மாடித்தோட்டத் தளத்துக்கு இது தேவையா?

கேள்வி (மாடித்தோட்டக்காரி)

அனைவருக்கும் வணக்கம். மாடித்தோட்டம் பற்றித் தமிழில் ஓர் இணையதளத்தைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். மண்கலவை தயாரிப்பது, விதை நேர்த்தி, பூச்சிவிரட்டிக் கரைசல்கள், எந்தப் பட்டத்தில் எதை விதைப்பது என்று எழுதிய கட்டுரைகள் நூறை நெருங்குகின்றன. கூகுளின் ஆட்சென்ஸ் சேவை தரும் விளம்பரங்களை வைத்திருக்கிறேன். ஆனால் பணம் கைக்கு வருவதற்குரிய 100 டாலர் வரம்பைத் தொடுவதற்கே பல மாதங்கள் ஆகிவிடுகின்றன.

அண்மையில் ஒரு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. டிஏ என்ற மதிப்பெண் 50க்கு மேல் உள்ள 300 தளங்களிலிருந்து பேக்லிங்க், அதாவது என் தளத்தைச் சுட்டும் இணைப்பு, அமைத்துத் தருவதாகவும், கட்டணம் 6,000 ரூபாய் என்றும், ஒரே மாதத்தில் கூகுளின் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம், அதன்பிறகு நான் எதுவும் எழுதாமலே மாதாமாதம் வருமானம் வந்துகொண்டிருக்கும் என்றும் சொல்கிறார்கள். வேறொரு வாடிக்கையாளருக்குச் செய்துகொடுத்த பட்டியலையும் மாதிரிக்கு அனுப்பியிருந்தார்கள். அதிலிருந்த சில முகவரிகளைத் திறந்து பார்த்தேன். எல்லாத் தளங்களும் ஒரே வடிவமைப்பில் இருந்தன. கடன் செயலி பற்றி ஒரு பதிவு, அதற்குக் கீழே முடி உதிர்வுக்கு எண்ணெய், அடுத்து இணையச் சூதாட்டம், அதற்கும் கீழே தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்பவர்கள் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பதிவுகள் ஒரே நாளில் வெளியாகியிருந்தன. எழுதியவர் பெயர் எல்லாவற்றிலும் ‘அட்மின்’. எந்தப் பதிவிலும் ஒரு பின்னூட்டம்கூட இல்லை.

பிற தளங்களிலிருந்து வரும் இணைப்பு தேடல் தரவரிசைக்கு இன்றும் உண்மையாகவே உதவுகிறதா? உதவுமென்றால் இப்படி விலைக்கு வாங்குவதில் என்ன தவறு? வாங்கக் கூடாது என்றால் தமிழில் எழுதும் ஒரு சிறு தளம் இணைப்புகளை எப்படித்தான் பெறுவது? எழுதிவைத்ததை அப்படியே விட்டுவிட்டால் பணம் வந்துகொண்டிருக்கும் என்பதில் எவ்வளவு உண்மை இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (தளப் பராமரிப்பாளர்)

சகோதரி, முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்த 6,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். நீங்கள் திறந்து பார்த்த பக்கங்களே அதற்குப் போதிய காரணம்.

இணைப்புக்கு மதிப்பு உண்டு என்பது உண்மைதான். 1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரினும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன என்பதை மட்டும் எண்ணவில்லை. சுட்டுகிற பக்கத்துக்கே எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. பேக்லிங்க் விற்பவர்கள் வெளியே சொல்லாத இன்னொரு கூறும் அதில் உண்டு. ஒரு பக்கம் தன் மதிப்பைத் தன்னிலிருந்து வெளியே செல்லும் இணைப்புகளுக்கெல்லாம் பங்கிட்டுத்தான் கொடுக்கிறது. காசு கொடுத்தவர் எவராயினும் அவருக்கெல்லாம் இணைப்புத் தருகிற ஒரு பக்கத்துக்கு முதலில் தனக்கென்று மதிப்பு இருக்காது. இருந்தாலும் அது நூறு கூறாகப் பிரிந்து, உங்களுக்கு வந்துசேரும்போது ஒன்றுமில்லாமல் போகும். அந்தப் பழைய கணக்கின்படியே பார்த்தாலும் இந்த 300 இணைப்புகள் உதவாது.

இன்றைய நிலை இன்னும் கடுமையானது. 2011 பிப்ரவரியில், ஜே.சி. பென்னி என்ற பெரிய அமெரிக்க அங்காடி நிறுவனம் விலைக்கு வாங்கப்பட்ட ஆயிரக்கணக்கான இணைப்புகளின் பலத்தில் தேடலில் முன்னிலை பெற்றிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டதும், கூகுள் அந்தத் தளத்தைப் பல பக்கங்கள் பின்னுக்குத் தள்ளியது. 2012 ஏப்ரல் 24 அன்று பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, செயற்கையான இணைப்புகள் கொண்ட தளங்களைக் கூட்டமாகவே கீழிறக்கியது. 2016 செப்டம்பரில் அதை மைய நிரலுடனே இணைத்து, பொய்யான இணைப்புகளைப் பெரும்பாலும் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடும் வழிக்கு மாறியது. 2022 டிசம்பரிலிருந்து ஸ்பேம்பிரைன் என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பு, இணைப்பு விற்கும் தளங்களையும் வாங்கும் தளங்களையும் அடையாளம் காண்கிறது. ஆகவே பெரும்பாலும் நடப்பது தண்டனைகூட அல்ல. கொடுத்த பணம் வீணாகும், அவ்வளவுதான். மோசமான நிலையில், தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் ‘மேனுவல் ஆக்ஷன்’, அதாவது கூகுள் ஊழியர்களே பார்த்து எடுத்த நடவடிக்கை, என்ற அறிவிப்பு வரும். அதை நீக்குவதற்கு ஒவ்வொரு தளத்துக்கும் எழுதி இணைப்பை எடுக்கச் சொல்லி, எடுத்ததற்கான சான்றோடு கூகுளிடம் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

‘டிஏ 50’ என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மாஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கணக்கின்படி 100க்குப் போடும் மதிப்பெண். கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. மலிவான இணைப்புகளைக் குவித்தே அந்த எண்ணை உயர்த்திக்காட்ட முடியும் என்பதால், விற்பவர்களுக்கு அது வசதியாகிவிட்டது. அந்த மாதிரிப் பட்டியலில் இன்னொன்றையும் பாருங்கள்: இணைப்பு வைத்திருக்கும் சொற்றொடர், அதாவது ஆங்கர் டெக்ஸ்ட், எல்லாத் தளங்களிலும் எழுத்து மாறாமல் ஒன்றாகவே இருக்கும். மனிதர்கள் தாமாக இணைப்புக் கொடுக்கும்போது ஒருவர் தளத்தின் பெயரைப் போடுவார், ஒருவர் ‘இந்தக் கட்டுரையில்’ என்பார், ஒருவர் முகவரியை அப்படியே ஒட்டுவார். அனைவரும் ஒரே சொற்றொடரைப் பயன்படுத்துவது எங்கும் நடவாது.

மறுமொழி 2 (விளம்பரத் துறைக்காரர்)

மேலே சொன்னதில் கோட்பாடு சரி. ஆனால் காப்பீடு, கடன், இணையவழிப் படிப்பு போன்ற துறைகளில் முன்னிலையில் இருக்கும் தளங்கள் பல, இணைப்புகளை விலைக்கு வாங்கித்தான் அங்கே இருக்கின்றன. செய்தித் தளங்களில் ‘கெஸ்ட் போஸ்ட்’ (விருந்தினர் பதிவு) என்ற பெயரில் இன்றும் இணைப்பு வாணிகம் நடக்கிறது. போட்டியாளர்கள் செய்யும்போது நாம் மட்டும் ஒதுங்கி நிற்பது எந்த அளவுக்குப் பயன்தரும் என்று தெரியவில்லை.

மறுமொழி 3 (தளப் பராமரிப்பாளர்)

நண்பரே, அந்தத் தளங்கள் வாங்குவதும் உண்மை, முன்னிலையில் இருப்பதும் உண்மை. முதலாவதால்தான் இரண்டாவது நிகழ்ந்தது என்று நம்மால் சொல்ல முடியாது. அவற்றுக்குப் பெயர் இருக்கிறது, நேரடியாகத் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள், தாமாக வந்த இணைப்புகளும் ஏராளம். நாம் பயன்படுத்தும் கருவிகள் ஓர் இணைப்பு இருப்பதைக் காட்டுமே தவிர, கூகுள் அதை எண்ணியதா தள்ளியதா என்பதைக் காட்டுவதில்லை. வாங்கிய இணைப்பால் சில காலம் ஏற்றம் வந்தாலும், அது கணக்கிலிருந்து நீக்கப்படும் நாளில் எந்த அறிவிப்பும் இல்லாமல் அந்த ஏற்றம் மறைந்துவிடும். பெரிய நிறுவனம் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். 100 டாலருக்குப் பல மாதம் காத்திருக்கும் ஒரு தளம் தாங்காது. தமிழில் மாடித்தோட்டம் என்ற களத்தில் அத்தகைய பணப்போட்டி இருப்பதாகவும் நான் பார்க்கவில்லை.

மறுமொழி 4 (பழைய வலைப்பதிவர்)

இணைப்பை எப்படிப் பெறுவது என்ற கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

தமிழ் வலைப்பதிவுகள் செழித்திருந்த காலத்தில் ஒவ்வொருவர் பக்கத்தின் ஓரத்திலும் ‘நான் வாசிப்பவை’ என்ற பட்டியல் இருக்கும். தமிழ்மணம் போன்ற திரட்டிகள் புதிய பதிவுகளை ஓரிடத்தில் காட்டும். ஒருவர் எழுதியதற்கு மற்றவர் தம் பதிவில் இணைப்புக் கொடுத்து மறுப்பு எழுதுவார். இணைப்பு என்பது அன்று உரையாடலோடு சேர்ந்தே வந்தது. அந்த உரையாடல் பின்னர் முகநூலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் யூடியூபுக்கும் போய்விட்டது. வாட்ஸ்அப் குழுவில் ஆயிரம் பேர் உங்கள் கட்டுரையைப் பகிர்ந்தாலும் தேடுபொறியின் கண்ணுக்கு அது தெரியாது. ஆகவே தமிழ்த் தளங்களுக்கு இணைப்பு அரிதாகிவிட்டது. ஆனால் உங்களோடு போட்டியிடும் தமிழ்த் தளங்களுக்கும் அதே நிலைதான் என்பதால், தகுதியான பத்து இணைப்புகள்கூட இங்கே நல்ல வேறுபாட்டைக் காட்டும்.

உங்கள் கட்டுரைகளில் வேறெங்கும் வர வாய்ப்பில்லாத ஒரு வாக்கியத்தை எடுத்து, மேற்கோள் குறிக்குள் இட்டுக் கூகுளில் தேடிப் பாருங்கள். நூறு கட்டுரைகள் எழுதியிருக்கிறீர்கள் என்றால், அவற்றில் சில ‘நன்றி: இணையம்’ என்ற ஒற்றை வரியோடு வேறு தளங்களில் கிடக்கும். கோபப்படாமல், “இது என் கட்டுரை, மூலப் பக்கத்துக்கு இணைப்புச் சேர்த்தால் மகிழ்வேன்” என்று எழுதுங்கள். தளத்தை ஆர்வத்துக்காக நடத்துபவர்களில் பலர் அன்றே சேர்த்துவிடுவார்கள். அது முழுக்க நியாயமான இணைப்பு. பொருளோடு பொருந்தி வருவதும்கூட.

அடுத்து, பிறர் சுட்டிக்காட்டியே தீரவேண்டிய பக்கம் ஒன்றாவது உங்களிடம் இருக்க வேண்டும். தக்காளி சாகுபடி பற்றிப் பொதுவாக எழுதினால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் அது தமிழிலேயே இருக்கிறது; உங்களைச் சுட்ட எவருக்கும் காரணம் இல்லை. மாறாக, மாடி எவ்வளவு எடை தாங்கும் என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டம் போட நினைக்கும் ஒவ்வொருவருக்கும் எழும் கேள்வி அது. ஓரடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள வட்டப் பை ஏறத்தாழ 22 லிட்டர் கொள்ளும். தென்னைநார்க் கழிவு அதிகமுள்ள கலவை, செம்மண் அதிகமுள்ள கலவை என்று இரண்டு மூன்று வகைப் பைகளைத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்து நிறுத்து, படத்தோடு அட்டவணையாகப் போடுங்கள். ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டையான மொட்டைமாடிக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 875, சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ நகர்பாரத்தை (கட்டடத்தின் சொந்த எடை போக, ஆட்களும் பொருள்களும் ஏற்றும் எடை) வைத்து வடிவமைக்கச் சொல்கிறது. ஒரு சதுர மீட்டரில் எத்தனை ஈரப் பைகள் வைத்தால் அந்த அளவை நெருங்குகிறோம் என்பதை எழுதி, பழைய கட்டடமாக இருந்தால் பொறியாளரிடம் காட்டாமல் இறங்கவேண்டாம் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். வீடு கட்டுவது பற்றி எழுதுபவர்கள், பள்ளித் தோட்டம் அமைக்கும் ஆசிரியர்கள், விதைப் பகிர்வுக் குழுவினர் ஆகியோருக்குச் சுட்டிக்காட்ட வேறு பக்கம் இருக்காது. வெளியிட்ட பிறகு, அவர்களுக்கு நீங்களே ஒரு மடல் எழுதித் தெரிவிப்பதில் எந்தத் தவறும் இல்லை.

தமிழ் விக்கிப்பீடியாவில் சொந்த இணைப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம். அங்கிருந்து வெளியே செல்லும் இணைப்புகள் நோஃபாலோ குறியீடு உடையவை; இந்த இணைப்பைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடு அது. தன் தளத்தைத் தானே செருகுபவர்களின் திருத்தங்களும் நீக்கப்பட்டுவிடும். இன்னொன்று உங்கள் கையிலேயே இருக்கிறது: நூறு கட்டுரைகளும் ஒன்றையொன்று சரியாகச் சுட்டுகின்றனவா என்று பாருங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி பற்றிய கட்டுரையிலிருந்து வேப்பெண்ணெய்க் கரைசல் கட்டுரைக்கு இணைப்பு இல்லையென்றால், அதை இன்றே சேர்க்கலாம்.

மறுமொழி 5 (கணக்குப் பார்ப்பவர்)

வருமானத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். பேச்சுக்கு, ஆயிரம் பக்கப் பார்வைக்கு 40 ரூபாய் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 100 டாலரைச் சுமார் 8,500 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், அந்த வரம்பைத் தொட இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பார்வைகள் வேண்டும். உங்கள் கணக்கில் உள்ள உண்மையான எண்ணை இந்த இடத்தில் வைத்துப் போட்டுப் பாருங்கள். அதன்பிறகு எந்தக் கட்டுரைக்கு உழைப்பது என்ற முடிவை எளிதாக எடுக்கலாம். கூகுள் 2018இல் தமிழை ஆட்சென்ஸ் மொழிகளில் சேர்த்தபிறகு தமிழ்த் தளங்களுக்கு வழி திறந்தது. ஆனாலும் விளம்பரக் கட்டணம் வாசகர் இருக்கும் நாட்டைப் பொறுத்தும் பொருளைப் பொறுத்தும் பெரிதும் மாறுகிறது. கனடாவில் இருக்கும் தமிழ் வாசகரின் ஒரு பார்வைக்குப் பொதுவாக இங்குள்ளதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். டொரோண்டோவின் குளிர்காலத்தில் கறிவேப்பிலைச் செடியை வீட்டுக்குள் வைத்துக் காப்பது எப்படி என்று தேடுகிற தமிழர்கள் அங்கே இருக்கிறார்கள். உங்கள் துறைக்குள்ளேயே இருக்கும் பொருள் அது.

எதுவும் செய்யாமல் வரும் வருமானம் என்பதை நான் நம்பவில்லை. நல்ல கட்டுரை நீங்கள் உறங்கும்போதும் வாசிக்கப்படும் என்பது சரி. ஆனால் விதை விலை மாறும், கடைகள் மூடப்படும், இணைப்புகள் உடையும், உங்களைவிடத் தெளிவாக இன்னொருவர் எழுதுவார். 2023 செப்டம்பரிலும் 2024 மார்ச்சிலும் வந்த கூகுளின் மாற்றங்களில், தேடலை மட்டுமே நம்பியிருந்த சிறு தளங்கள் பல பெரும்பகுதி வாசகர்களை இழந்தன. தேடல் பக்கத்தின் மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய விடையைக் காட்டும் கூகுளின் ஏஐ ஓவர்வியூஸ், 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. ‘வெண்டைக்கு எத்தனை நாளில் முளைப்பு வரும்’ என்பது போன்ற ஒற்றை வரிக் கேள்விகளுக்குத் தேடல் பக்கத்திலேயே விடை கிடைத்தால், வாசகர் உங்கள் தளம்வரை வரமாட்டார். நீங்களே எடைபோட்டுத் தயாரித்த அட்டவணைக்குத்தான் அவர் வருவார். மின்னஞ்சல் மடல் ஒன்றையும் தொடங்கிவிடுங்கள். ஆடிப்பட்டத்துக்கும் தைப்பட்டத்துக்கும் முன்பாக ஒரு மடல் அனுப்பினாலே போதும். மண்வெட்டி, பூவாளி போன்றவற்றுக்கு அஃபிலியேட் இணைப்பு (அதன்வழி யாராவது வாங்கினால் உங்களுக்குத் தரகு தரும் இணைப்பு) வைத்தால், அது பணம் சார்ந்தது என்று தேடுபொறிக்குக் காட்டும் ‘ஸ்பான்சர்ட்’ குறியீடு இட்டு, தரகு கிடைக்கிறது என்பதை வாசகரிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த நிறுவனத்துக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். எடை அட்டவணையை இந்த வாரமே தொடங்குகிறேன்; வீட்டில் தராசு இருக்கிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். நாட்டு விதை விற்கும் தோழி ஒருவர், இருவர் தளத்திலும் பரஸ்பரம் இணைப்புப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். இது தவறாகுமா? மேலும், சர்ச் கன்சோலில் எனக்குத் தெரியாத வெளிநாட்டுத் தளங்கள் சில என்னைச் சுட்டுவதாகக் காட்டுகிறது. அவற்றை நீக்கச் சொல்ல வேண்டுமா?

மறுமொழி 6 (தளப் பராமரிப்பாளர்)

தோழியின் விதைகளை நீங்கள் விதைத்துப் பார்த்து அந்த அனுபவத்தை எழுதும் கட்டுரையிலிருந்து இணைப்புக் கொடுப்பதில் ஒரு சிக்கலும் இல்லை; அவரும் எடை அட்டவணையைத் தம் வாடிக்கையாளர்களுக்குக் காட்டலாம். ‘நட்புத் தளங்கள்’ என்று தனிப்பக்கம் திறந்து, கேட்டவர்களையெல்லாம் அதில் சேர்க்கத் தொடங்கினால்தான் அது கூகுள் விதிகளில் சொல்லப்படும் மிகையான இணைப்புப் பரிமாற்றமாகிறது. தெரியாத தளங்களிலிருந்து வரும் இணைப்புகளை அப்படியே விட்டுவிடுங்கள். இன்னின்ன இணைப்புகளைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று கூகுளிடம் சொல்ல 2012 முதல் டிஸவோ என்ற கருவி இருக்கிறது என்றாலும், மேனுவல் ஆக்ஷன் அறிவிப்பு வராதவரை, வாங்கிய இணைப்பு எதுவும் இல்லாத உங்களைப் போன்ற ஒருவருக்கு அது தேவைப்படாது. எடை அட்டவணை வந்ததும் இங்கே முகவரியைப் பதியுங்கள். நான் பராமரிக்கும் வீட்டுமனைத் தளம் ஒன்றில் மொட்டைமாடி நீர்க்கசிவு பற்றிய பக்கம் இருக்கிறது, அட்டவணை அதற்குப் பொருந்தினால் உரிமையாளரிடம் கேட்டுச் சேர்க்கிறேன்.