பதினொண்ணுல லீகல் ஸ்டடீஸ் எடுக்கலாமா?

பொண்ணு சிபிஎஸ்இ, பத்தாவது முடிச்சிட்டா. காமர்ஸ் கூட லீகல் ஸ்டடீஸ் எடுக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, பி.ஏ. எல்எல்பி தான் படிப்பாளாம். இத எடுத்தா தான் லா காலேஜ் கிடைக்குமா? யாராச்சும் பசங்கள சேர்த்திருந்தா சொல்லுங்க.

பதில் 1:
கட்டாயமே இல்லங்க. கிளாட் (லா யுனிவர்சிட்டிகளுக்கான நுழைவுத் தேர்வு) எழுத எந்த குரூப்பா இருந்தாலும் ஓகே. திருச்சி நேஷனல் லா யுனிவர்சிட்டிக்கு கிளாட் தான், சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கு பிளஸ் டூ மார்க்க வச்சு எடுக்கறாங்க, அதனால எதுல நல்லா மார்க் வருமோ அத எடுக்க சொல்லுங்க.

பதில் 2:
அண்ணே சொல்றது சரி, ஆனா நான் படிச்சவன், செம சப்ஜெக்ட். 80 தியரி 20 ப்ராஜெக்ட். டார்ட்ஸ் (அடுத்தவங்க தப்பால நஷ்டம் வந்தா ஈடு கேக்கற சட்டம்) படிக்கறப்ப ஜிஞ்சர் பீர் பாட்டில்ல நத்தை கிடந்த ஸ்காட்லாந்து கேஸ் (1932) வரும், பாட்டில வாங்கினது ஃப்ரெண்டு, குடிச்சது கேஸ் போட்ட அம்மா, அப்ப கம்பெனி மேல கேஸ் போட முடியுமான்னு கிளாஸே ரெண்டா பிரிஞ்சு சண்ட போடுவோம். கிளாட்டுக்கு இத மட்டும் நம்பாதீங்க, அதுல 120 கேள்வி, எல்லாமே பாசேஜ் குடுத்து கேக்கறது, படிக்கற ஸ்பீடு தான் முக்கியம்.

பதில் 3:
சீனியர் பசங்களோட பழைய கைடு வாங்கிடாதீங்க சிஸ்டர், 2024 ஜூலைல இருந்து ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துருச்சு, செக்ஷன் நம்பரெல்லாம் மாறிப்போச்சு. அப்புறம் உங்க ஸ்கூல்ல இந்த சப்ஜெக்ட்டுக்கு டீச்சர் இருக்காங்களா? மொதல்ல அத கேளுங்க.