அரசு உடைமை ஆயிட்டா சோசலிசமா?

பெரம்பூர்க்காரன்:
நேத்து புளியந்தோப்பு வாசிப்பு வட்டத்துல ஒரு தோழர், "ஆலை அரசு கைக்கு வந்தாலே பாதி சோசலிசம், சோவியத்தே அதுக்குச் சாட்சி"ன்னார். என்னால ஏத்துக்க முடியல. எங்க பேட்டை ரயில் பெட்டி ஆலை ஐ.சி.எஃப். 1955ல ஆரம்பிச்சதுலேர்ந்து அரசோடதுதான். கோச் கட்டறவர் மாசச் சம்பளத்துக்கு உழைப்புச் சக்தியை, அதாவது வேலை செய்யற திறனை, விக்கறார். எத்தனை கோச், எத்தனை ஆளுன்னு அவர் முடிவு பண்றதில்ல. அரசுடைமை எல்லாம் சோசலிசம்னா, புகையிலையை அரசு ஏகபோகமாக்கின நெப்போலியனையும் சோசலிசத்தோட மூலவர்கள்ல சேக்கணும்னு மார்க்ஸோட தோழர் எங்கெல்ஸ் அப்பவே கேட்டுட்டார்.

கொருக்குப்பேட்டை செந்தோழன்:
ஐ.சி.எஃப்.பை வச்சு சோவியத்தை அளக்காதீங்க தோழர். இங்க அரசே முதலாளிகளோடது. அங்க 1917ல அந்த அரசையே உடைச்சாங்க. சிறு உற்பத்தி மண்டிக் கிடந்த ரஷ்யாவுக்கு அரசு முதலாளித்துவமே, அதாவது அரசு கட்டுப்பாட்டுல நடக்கற முதலாளித்துவமே, ஒரு முன்னேற்றம்னு 1918ல லெனினே எழுதினார்.

பெரம்பூர்க்காரன்:
எழுதினார். ஆனா அதிகாரம் தொழிலாளர் கைல இருக்கணும்ங்கறது அவரோட நிபந்தனை. சோவியத்தோட 1940 ஜூன் ஆணைப்படி அனுமதி இல்லாம வேலையை விட்டா சிறை. ஆலையை ஆளறதே தொழிலாளர்னா, அவங்க மேல இப்படி ஒரு சட்டம் எதுக்கு?

கொருக்குப்பேட்டை செந்தோழன்:
ஹிட்லர் படை பாரிஸ்ல நுழைஞ்ச மாசம் அது! நாடு பிழைக்குமான்னு இருந்த நேரம்.

பெரம்பூர்க்காரன்:
போர் 1945ல முடிஞ்சுது. அந்தத் தண்டனையை எடுத்தது 1956ல.

ராயபுரம் வாசகி:
சட்டத்தை விட்டுட்டு அமைப்பைப் பாருங்க. அதிகாரி ஆலையை விக்க முடியாது, புள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. அதனாலதான் 1936ல, ஸ்டாலின் நாடு கடத்தின புரட்சித் தலைவர் டிராட்ஸ்கி, சோவியத்தை அரசு முதலாளித்துவம்னு, அதாவது அரசே முதலாளியா ஆயிட்டதுன்னு, சொல்ல மறுத்தார். சீரழிஞ்ச தொழிலாளர் அரசுன்னார்: உடைமை பொதுவா இருக்கு, அதிகாரம் அதிகாரிங்க கைல. முதலாளி நாடுங்க மந்தத்துல தவிச்சப்போ அங்க வேலைக்கு ஆள் கிடைக்கறதுதான் பஞ்சம். இதை எந்த முதலாளித்துவ விதியால விளக்குவீங்க?

பெரம்பூர்க்காரன்:
நல்ல கேள்வி. சோவியத் அரசு முதலாளித்துவம்தான்னு, பிரிட்டன்ல இயங்கின மார்க்சியர் டோனி கிளிஃப் சொன்ன பதில்தான் எனக்குச் சரியாப்படுது. சந்தைப் போட்டிக்குப் பதிலா மேற்கு நாடுகளோட ஆயுதப் போட்டி. அதுக்காகவே மக்கள் நுகர்வை நசுக்கி, உபரியை, அதாவது கூலி போக மிஞ்சறதை, எல்லாம் கனரக ஆலைல கொட்டினாங்க. பத்திரம் யார் பேர்ல இருந்தா என்ன, உபரி எங்க போகணும்னு சொன்னது அதிகாரிதானே?

ராயபுரம் வாசகி:
டாங்க் சந்தைக்கே வரலையே! விலைபோகாத பொருளுக்கு நடக்கற போட்டி, மதிப்பு விதியை (சரக்கு அதுல அடங்கின உழைப்புக்கு ஏத்தபடி விலைபோகும்ங்கற விதியை) எப்படிக் கொண்டு வரும்? கிளிஃப் அங்கதான் சறுக்கறார்.

பெரம்பூர்க்காரன்:
வெளிப்போட்டியை விட்டுடலாம், உள்ளயே பாருங்க. கம்யூனிச சமுதாயத்தோட முதல் கட்டத்துலயே (அதைத்தான் சோசலிசம்ங்கறோம்) சரக்குப் பரிமாற்றம், அதாவது விக்கறதுக்குன்னு செஞ்ச பொருளை மாத்திக்கறது, இருக்காதுன்னு 1875ல மார்க்ஸ் எழுதினார். 1952ல ஸ்டாலினே தன் புத்தகத்துல, தங்க நாட்டுல சரக்கும் மதிப்பு விதியும் இருக்குன்னு ஒத்துக்கிட்டார்.

கொருக்குப்பேட்டை செந்தோழன்:
கூட்டுப்பண்ணை விவசாயி அரசுக்குத் தானியம் விக்கறதால வந்த சரக்கு அது. இயந்திரம் மாதிரி உற்பத்திச் சாதனம் சரக்கு இல்லன்னும் அதே புத்தகத்துல இருக்கு. முழுசாச் சொல்லுங்க தோழர்.

பெரம்பூர்க்காரன்:
சரி, உற்பத்திச் சாதனம் சரக்கு இல்லன்னே வச்சுக்குவோம். உழைப்புச் சக்தி? அதை விக்காம மாஸ்கோ தொழிலாளி சாப்பிட முடிஞ்சுதா?